வேல பாத்துக்கிட்டே இங்கிலீஷ் கத்துக்க வெளிநாடு போறியளா? பாளையங்கோட்டைலருந்து கிளாஸ்கோ வரைக்கும் முழு வழிகாட்டி

மொதல்ல ஒரு கேள்வி. உங்க ஏஜென்ட் சொல்லுத விசால வேல பாக்க அனுமதி உண்டா? உண்டுன்னா வாரத்துக்கு எத்தன மணி நேரம்? இத கேக்காம காசு கட்டுனவங்க எங்க தெருவுலயே ரெண்டு பேரு இருக்காவ, அதுல ஒருத்தன் எங்க சித்தி மவன். பாளையங்கோட்டைல ஒரு ஏஜென்ட் அவன்ட்ட "லண்டன்ல ஒம்பது மாசம் இங்கிலீஷ் கோர்ஸ், சாயந்திரம் கடைல வேல, கோர்ஸ் காசு மூணு மாசத்துல எடுத்துரலாம்"னு சொல்லி எம்பதாயிரம் அட்வான்ஸ் வாங்கிட்டாரு. அவன் எனக்கு போன் போட்டு சொன்னப்போ தான் நான் விசா பேரக் கேட்டேன். ஷார்ட் டெர்ம் ஸ்டடி விசா. 6 மாசத்துலருந்து 11 மாசம் வரைக்கும் இங்கிலீஷ் மட்டும் படிக்கதுக்கான விசா அது, அதுல ஒரு மணி நேரம் கூட வேல பாக்கக் கூடாது, சம்பளம் வாங்காம பாத்தாலும் தப்பு தான். சித்தப்பா நேர்ல போய் சத்தம் போட்டு முப்பதாயிரம் திரும்ப வாங்குனாரு, மிச்சம் போச்சு.

நான் 2023 கடைசில போயி 2025 கடைசில ஊருக்கு வந்தேன். ரெண்டு வருஷமும் ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ. அங்க தப்பு பண்ணி கத்துக்கிட்டத எல்லாம் இங்க எழுதுதேன், கொஞ்சம் நீளமா போகும், டீ போட்டுட்டு உக்காருங்க.

படி 1: எந்த நாடு, எந்த விசா

அயர்லாந்து. அரசாங்க லிஸ்ட்ல இருக்க ஸ்கூல்ல 25 வார இங்கிலீஷ் கோர்ஸ் சேந்தா 8 மாசம் தங்க விடுவாவ. வாரத்துக்கு 15 மணி நேரம் கிளாஸ், 85 சதவீதம் அட்டெண்டன்ஸ் வேணும். ஸ்டாம்ப் 2ங்கிற தங்குறதுக்கான அனுமதி குடுப்பாவ, அதுல வாரம் 20 மணி நேரம் வேல பாக்கலாம், ஜூன்லருந்து செப்டம்பர் வரைக்கும், அப்புறம் டிசம்பர் 15லருந்து ஜனவரி 15 வரைக்கும் 40 மணி நேரம். இப்படி மூணு தடவ கோர்ஸ் எடுக்கலாம், மொத்தம் 2 வருஷம் தாண்டக் கூடாது. போய் இறங்குனதும் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு 300 யூரோ தனியா. இதுல நம்ம பசங்களுக்கு இருக்க சிக்கல் என்னன்னா, டிகிரி முழுக்க இங்கிலீஷ் மீடியத்துல படிச்சுட்டு "இங்கிலீஷ் படிக்கப் போறேன்"னு சொன்னா விசா ஆபீசர் ஏன்னு கேப்பாரு. அதுக்கு நல்ல பதில் இல்லன்னா இந்த வழிய தொடாதிய.

ஆஸ்திரேலியாவுக்கு ரெண்டு வழி. ஸ்டூடண்ட் விசால ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேல பாக்கலாம், ஆனா விசா பீஸ் மட்டும் 2025 ஜூலைலருந்து 2,000 ஆஸ்திரேலிய டாலர், ரிஜெக்ட் ஆனா திரும்ப வராது. இன்னொண்ணு ஒர்க் அண்ட் ஹாலிடே விசா. 2024லருந்து இந்தியாவுக்கும் திறந்து விட்டுருக்காவ, 18 முதல் 30 வயசு, வருஷத்துக்கு 1,000 பேரு, குலுக்கல் முறை, குலுக்கல்ல பேரு போட 25 டாலர். ஒரு வருஷம் வேல பாக்கலாம், ஒரே மொதலாளிட்ட 6 மாசம் வரைக்கும் தான், நடுவுல 4 மாசம் வரைக்கும் படிக்கவும் செய்யலாம். 5,000 டாலர் சேமிப்பு காட்டணும், ஐஇஎல்டிஎஸ்ங்கிற இங்கிலீஷ் டெஸ்ட்ல சராசரி 4.5 போதும். ஊரச் சுத்திக்கிட்டே வேல பாத்து கொஞ்சம் படிக்கவும் நினைக்கவங்களுக்கு இது தான் சரி, இடம் கிடைக்கது தான் பாடு.

கனடால இங்கிலீஷ் கோர்ஸ் மட்டும் படிச்சா கேம்பஸுக்கு வெளிய வேல பாக்க முடியாது. அவ்வளவு தான், அடுத்தத பாப்போம்.

நான் போனது யூகே யங் புரொஃபஷனல்ஸ் ஸ்கீம். 2023 பிப்ரவரில தொடங்குனது. 18 முதல் 30 வயசு, ஒரு டிகிரி, கைல 2,530 பவுண்ட் சேமிப்பு. இவ்வளவும் இருந்து குலுக்கல்ல பேரு விழுந்தா 24 மாசம் அங்க இருக்கலாம், வேல பாக்கலாம், படிக்கலாம், வேல ஆர்டர் கைல இருக்கணும்னு கட்டாயம் இல்ல. வருஷத்துக்கு 3,000 பேரு. இங்கிலீஷ் டெஸ்ட்டே கேக்கல மக்கா! ஐஇஎல்டிஎஸ் கோச்சிங்குக்கு கட்டுத காச வச்சு ஃப்ளைட் டிக்கெட் போட்டுரலாம். நீட்டிக்க முடியாது, குடும்பத்த கூட்டிட்டு போக முடியாது, ஒரு ஆளுக்கு வாழ்க்கைல ஒரு தடவ தான்.

படி 2: குலுக்கல்

பொதுவா வருஷத்துக்கு ரெண்டு தடவ, பிப்ரவரிலயும் ஜூலைலயும், ரெண்டே நாள் திறந்து வப்பாவ. பேரு, பொறந்த தேதி, பாஸ்போர்ட் விவரம், பாஸ்போர்ட் போட்டோ காப்பி, போன், ஈமெயில் இவ்வளவு தான் கேப்பாவ. காசு கிடையாது. திரும்பச் சொல்லுதேன், ஒத்த ரூவா கிடையாது. "பேலட்ல, அதாவது இந்த குலுக்கல்ல, பேரு விழ வச்சுத் தாரேன்"னு ஒருத்தரு ஜங்ஷன் பக்கம் ஐயாயிரம் கேட்டாராம், குலுக்கல கம்ப்யூட்டர் பண்ணுது, அவரு என்ன செஞ்சு கிழிப்பாரு? வெப்சைட் முகவரி கவ் டாட் யூகேனு முடியுதான்னு பாத்துட்டு உள்ள போங்க, அதே மாதிரி டிசைன்ல போலி சைட்டுங்க இருக்கு. எனக்கு ரெண்டாவது தடவ தான் விழுந்தது. விழுந்ததும் மெயில் வரும், அதுலருந்து 90 நாளைக்குள்ள விசாவுக்கு அப்ளை பண்ணி பீஸ் கட்டி கைரேக வச்சுரணும்.

படி 3: திருநெல்வேலிலருந்து பேப்பர் சேக்கது

இதுல தான் நம்ம ஆளுக ரொம்ப அல்லாடுதாவ, அதனால பைய பைய சொல்லுதேன்.

பாஸ்போர்ட்டுக்கு திருநெல்வேலிலயே சேவா கேந்திரா இருக்கு, மதுரை ஆபீஸுக்கு கீழ வரும். சாதாரணமா 36 பக்கத்துக்கு 1,500 ரூவா. பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்ட மறக்காம குடுங்க, அது இருந்தா தான் ஈசிஆர், அதாவது வெளிநாட்டு வேலைக்கு போக தனி அனுமதி வேணும்ங்கிற முத்திர, இல்லாம வரும். பெரிய தலைவலி இனிஷியல். நம்ம சர்டிபிகேட்ல "எஸ். முருகன்"னு இருக்கும், பாஸ்போர்ட்ல அப்பா பேரு சர்நேமா விரிஞ்சு இருக்கும், பேங்க் பாஸ்புக்ல மூணாவதா ஒரு மாதிரி. குலுக்கல்ல பாஸ்போர்ட்ல இருக்க மாதிரியே போடுங்க, மத்ததுல வித்தியாசம் இருந்தா ஒரு அஃபிடவிட் வாங்கி வச்சுக்கோங்க. எனக்கு பேங்க்ல பேர மாத்தவே பதினஞ்சு நாளு ஆச்சு, மேனேஜர் லீவு, அப்புறம் ஆடி அமாவாச, அப்புறம் சர்வர் டவுன்.

டிகிரி சர்டிபிகேட் கான்வகேஷன்ல வாங்காம விட்டவங்க நெறைய பேரு உண்டு. மனோன்மணியம் சுந்தரனார் யுனிவர்சிட்டிக்கு கீழ படிச்சவங்கன்னா அபிஷேகப்பட்டிக்கு ஒரு நட போயி அத மொதல்ல வாங்கி வைங்க, 90 நாள் ஓட ஆரம்பிச்ச அப்புறம் அலையாதிய.

பணம். 2,530 பவுண்ட், ஒரு பவுண்ட் 115 ரூவான்னு வச்சா கிட்டத்தட்ட 2 லட்சத்து 91 ஆயிரம். இது உங்க பேர்ல இருக்க அக்கவுண்ட்ல தொடர்ந்து 28 நாளு இருக்கணும். நடுவுல ஒரு நாள் நூறு ரூவா கொறஞ்சாலும் கணக்கு மொதல்லருந்து. பவுண்ட் ரேட்டு ஏறும், அதனால மூணேகால் லட்சமா போட்டு வைங்க. அந்த அக்கவுண்ட்டோட ஏடிஎம் கார்ட அம்மாட்ட குடுத்துட்டு மறந்துருங்க, ஜிபே அந்த அக்கவுண்ட்ல இருந்தா கழட்டிருங்க. எங்கூட அப்ளை பண்ணுன பையன் பரோட்டா கடைல ஸ்கேன் பண்ணி அது கொறஞ்சு போயி திரும்ப 28 நாள் காத்திருந்தான்.

டிபி டெஸ்ட்டு அவங்க சொல்லுத கிளினிக்ல மட்டும் தான் எடுக்கணும், நமக்கு சென்னை. நெல்லை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறுனா விடியும்போது எழும்பூர். நெஞ்சு எக்ஸ்ரே தான், பெருசா ஒண்ணும் இல்ல. சர்டிபிகேட் 6 மாசம் செல்லும். கைரேக அப்பாயின்ட்மென்ட்டும் நான் சென்னைல தான் போட்டேன், ரெண்டுக்கும் நடுவுல நாளு விடுங்க, டிபி சர்டிபிகேட் கைக்கு வந்த அப்புறம் தான் விசா அப்ளிகேஷன முடிக்கணும்.

விசா பீஸ் 2025 கணக்குல 319 பவுண்ட், அங்க அரசாங்க ஆஸ்பத்திரிக்காக முன்னயே கட்டுத ஹெல்த் சர்சார்ஜ் வருஷத்துக்கு 776, ரெண்டு வருஷத்துக்கு 1,552. நான் கட்டுனப்போ அது வருஷத்துக்கு 470 தான், 2024 பிப்ரவரில ஏத்திட்டாவ. ரெண்டும் சேத்து 1,871 பவுண்ட், 2 லட்சத்து 15 ஆயிரம். சேமிப்புல இருக்க மூணு லட்சம் இதுல சேராது, அது தனி. டிக்கெட், சென்னை நட, சொட்டரு, ஷூ எல்லாம் சேத்து ஆறு லட்சம் இல்லாம இறங்காதிய. கந்துவட்டிக்கு வாங்கி போறதா இருந்தா வேண்டாம், அங்க மொத மூணு மாசம் வட்டிய நினச்சே தூக்கம் போயிரும்.

படி 4: போறதுக்கு முன்ன காத தயார் பண்ணுங்க

பாளையங்கோட்டைய தென்னிந்தியாவோட ஆக்ஸ்போர்டுனு சொல்லுவாவ. ஜான்ஸ் காலேஜ் 1878, சாரா டக்கர் காலேஜ் 1895, சேவியர்ஸ் காலேஜ் 1923. அங்க படிச்ச எனக்கு டென்ஸ் தெரியும், பேசிவ் வாய்ஸ் தெரியும், கிளாஸ்கோ ஏர்போர்ட்ல பஸ் டிரைவர் கேட்ட ஒத்த கேள்வி புரியல. மூணு தடவ கேட்டாரு. "எங்க இறங்கணும்"னு தான் கேட்டுருக்காரு.

கிளாஸ்கோக்காரன் பேசுத இங்கிலீஷ் நம்ம நெல்லைத் தமிழ் மாதிரி தான், சென்னைக்காரன் ஒருத்தன் வந்து நம்ம "அங்கன கெடக்கத எடுலே கோட்டி"னு சொன்னத கேட்டா முழிப்பாம்லா, அதே தான். சின்னதுக்கு "வீ"ம்பாவ, ஆமாக்கு "ஆய்"ம்பாவ. "மெசேஜஸ் வாங்கப் போறேன்"னா மளிகை சாமான். "பீஸ்"னா சாண்ட்விச். "ஹவ்?"னு கேட்டா ஏன்னு அர்த்தம், எப்படின்னு இல்ல, இது தெரியாம நான் ரெண்டு மாசம் ஏன்னு கேட்டதுக்கெல்லாம் எப்படின்னு விளக்கம் சொல்லிட்டு திரிஞ்சேன். "வேர் டு யூ ஸ்டே"ன்னா வீடு எங்கன்னு கேக்குறது, நம்மளும் அப்படித்தான கேப்போம், அது மட்டும் முத நாளே புரிஞ்சுது.

அதனால கிராமர் புஸ்தகத்த மூடிட்டு, போறதுக்கு மூணு மாசம் முன்னாடியே அந்த ஊரு ரேடியோவ தினம் ஒரு மணி நேரம் ஓட விடுங்க. கிளாஸ்கோன்னா பிபிசி ரேடியோ ஸ்காட்லாந்து, டப்ளின்னா ஆர்டிஇ. புரியலன்னாலும் ஓடட்டும். அப்புறம் கடைல, பஸ்ல, டாக்டர்ட்ட, வீட்டுக்காரர்ட்ட பேசுத ஒரு இருநூறு வாக்கியத்த சத்தமா சொல்லிப் பழகுங்க, மொட்டமாடில நின்னு சொல்லுங்க, யாரும் பாத்தா பாக்கட்டும். திருநெல்வேலிலருந்து கிளாஸ்கோ போய் இங்கிலீஷ் கத்துக்கதுல எனக்கு ஒரு குஷி என்னன்னா, கால்டுவெல் அதே கிளாஸ்கோ யுனிவர்சிட்டில படிச்சவரு. 1838ல மெட்ராஸ் வந்தாரு, 1841ல நம்ம இடையன்குடிக்கு வந்து அம்பது வருஷம் அந்த தேரிக்காட்டு சனங்க கூடயே கெடந்தாரு, 1856ல ஒப்பிலக்கணம் எழுதிட்டாரு. அவரு இடையன்குடில வெள்ளக்காரங்க கூட மட்டும் பொழங்கிருந்தா ஒண்ணும் நடந்துருக்காது.

படி 5: மொத பதினஞ்சு நாள்

ஃப்ளைட்டுக்கு நமக்கு திருவனந்தபுரம் தான் பக்கம், நாகர்கோவில் வழியா நாலு மணி நேரம் வச்சுக்கோங்க. பெட்டில நெய் டின்னும் உப்புக்கண்டமும் வைக்காதிய, பால் பொருளும் கறியும் கொண்டு போகக் கூடாது. அல்வா பரவால்ல. நான் ரெண்டு கிலோ கொண்டு போனேன், ஒரு கிலோ வீட்டுல கூட இருந்தவங்களுக்கும் ஒரு கிலோ வேலைக்கு இன்டர்வியூ பண்ணுன அம்மாவுக்கும்.

மொதல்ல சிம். ரெண்டாவது ஆன்லைன் பேங்க் அக்கவுண்ட், அட்ரஸ் ப்ரூஃப் ரொம்ப கேக்காத மொபைல் பேங்குல தொடங்குங்க. மூணாவது நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர், சம்பளத்துல வரியும் இன்சூரன்ஸும் புடிக்கதுக்கான நம்பர் அது, ஆன்லைன்ல ஃப்ரீ, வரதுக்கு முன்னயே வேலைல சேரலாம். இப்ப விசா எல்லாம் ஈவிசா தான், எனக்கு குடுத்த பிளாஸ்டிக் கார்டெல்லாம் நிறுத்திட்டாவ, அதனால யுகேவிஐ, அதாவது அவங்க விசா ஆபீஸ், அக்கவுண்ட் பாஸ்வேர்ட பத்திரமா வைங்க, வேல பாக்க அனுமதி உண்டுன்னு மொதலாளிக்கு காட்டுத ஷேர் கோடு அதுலருந்து தான் எடுத்துக் குடுக்கணும். நாலாவது வீட்டுக்கு பக்கத்துல இருக்க ஜிபில, அதாவது ஏரியா டாக்டர் கிளினிக்ல, ரெஜிஸ்ட்ரேஷன், காய்ச்சல் வந்த அப்புறம் ஓடாதிய. ஸ்காட்லாந்துல டாக்டர் எழுதுத மருந்துக்கு காசு கிடையாது. 22 வயசுக்கு உள்ளன்னா பஸ்ஸும் ஃப்ரீ, எனக்கு 24 ஆயிட்டு, சவத்த விடு.

ரூம். பாக்காம காசு அனுப்பாதிய. ஸ்காட்லாந்துல டெபாசிட் ரெண்டு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது, வாங்குனத 30 வேல நாளைக்குள்ள அரசாங்கம் அங்கீகரிச்ச ஸ்கீம்ல போடணும், தனியா ஏஜென்ட் பீஸ் வாங்குறதும் சட்டப்படி தப்பு. வீட்டுக்காரர் பேரு லேண்ட்லார்ட் ரெஜிஸ்டர்ல இருக்கான்னு ஆன்லைன்ல பாத்துக்கலாம். கேக்க வெக்கப்படாதிய.

இப்ப தான் முக்கியமான சங்கதி. கூட யாரு இருக்காங்கன்னு பாருங்க. ஊர்க்கார அண்ணன் ஒருத்தரு "லண்டன்ல நம்ம பசங்க ஆறு பேரு ஒரே வீட்டுல, வாடக கம்மி, ரசம் வச்சு சாப்பிடலாம் வா"ன்னு கூப்பிட்டாரு. மனசு ஓடுச்சு. என் கூட அப்ளை பண்ணுன பையன், அந்த பரோட்டா பையன் தான், அங்க போனான். ரெண்டு வருஷம் கழிச்சு அவன் இங்கிலீஷ் போன மாதிரியே இருக்கு, தமிழ் தான் நல்லா வந்துட்டு, மதுரைத் தமிழு ஈழத்தமிழு எல்லாம் பேசுதான். நான் ஒரு போலந்து பொண்ணு, ரெண்டு ஸ்காட்லாந்து பசங்க இருந்த வீட்டுல 550 பவுண்டுக்கு ஒரு ரூம் எடுத்தேன். மொத மாசம் ராத்திரி கண்ணீரு தான். பாத்திரம் யாரு கழுவணும்னு சண்ட போடவே இங்கிலீஷ் வேண்டிருந்துச்சுல்லா, அப்படி வந்தது தான் எல்லாம்.

படி 6: வேல

மொதல்ல நான் ஒரு இந்தியன் ரெஸ்டாரன்ட்ல கிச்சன் போர்ட்டர், அதாவது பாத்திரம் தேய்க்கது. அங்க மலையாளம், ஹிந்தி, தமிழ் எல்லாம் கேக்கும், இங்கிலீஷ் மட்டும் கேக்காது. டிப்ஸயும் ஓனர் தரல. 2024 அக்டோபர் 1லருந்து டிப்ஸ் முழுசா வேல பாக்கவங்களுக்குத் தான் குடுக்கணும்னு சட்டம் வந்துட்டு, அதுக்கு முன்னயே நான் வெளிய வந்துட்டேன். நாலு மாசம் வீணு.

வேலைய சம்பளத்த வச்சு பாக்காதிய, எப்படியும் எல்லா இடத்துலயும் மினிமம் வேஜ் தான் தருவாவ. நான் போனப்போ மணிக்கு 10.42, 2024 ஏப்ரல்ல 11.44, 2025 ஏப்ரல்ல 12.21 ஆச்சு. காசு ஒண்ணு தான்னா, ஒரு மணி நேரத்துல எத்தன பேர்ட்ட வாய் திறக்கணும்னு எண்ணிப் பாருங்க. வேர்ஹவுஸ்ல ரெண்டு பேரு. பாத்திரம் தேய்க்கதுல யாரும் இல்ல. காபி கடை கவுன்டர்ல அறுபது பேரு. முதியோர் ஹோம்ல பேச்சு தான் வேலையே, வயசானவங்க ஒரே கதைய பத்து தடவ சொல்லுவாவ, அத விட நல்ல லிசனிங் கிளாஸ் கிடையாது. நான் காபி கடைக்கு மாறுனேன். ஆர்டர தப்பா எடுத்து திட்டு வாங்குன அன்னைக்கு படிச்சது இன்னும் மறக்கல.

வேல கிடைக்கதுக்கு முன்ன சும்மா இருக்க நேரத்துல சாரிட்டி ஷாப்ல வாலன்டியரா நில்லுங்க. இந்த விசால அதுக்கு தட இல்ல. பயோடேட்டால போட அந்த ஊரு ரெஃபரன்ஸ் ஒண்ணு கிடைக்கும், அது தான் பெரிய லாபம்.

சம்பளக் கணக்கு: வாரம் 35 மணி நேரம், 2025ல இருந்த 12.21 வீதம் மாசம் கிட்டத்தட்ட 1,850. வருமான வரி, நேஷனல் இன்சூரன்ஸ் போக கைக்கு 1,600 சுத்தி வரும். வாடக 550, சாப்பாடு 180, பஸ்ஸு 70, போனு சில்லற எல்லாம் போக நல்லா அடக்கமா இருந்தா 500, 600 மிஞ்சும். பே ஸ்லிப்ல டாக்ஸ் கோடு பாருங்க, ஸ்காட்லாந்துல எஸ்1257எல்னு இருக்கணும். மொத சம்பளத்துல எமர்ஜென்சி கோடு போட்டு கூடுதலா புடிச்சுருந்தா எச்எம்ஆர்சிக்கு, அதாவது அவங்க வரி ஆபீஸுக்கு, போன் போடுங்க. அந்த போன் காலே ஒரு இங்கிலீஷ் பரீட்ச தான், பாசாயிட்டா காசும் வரும்.

படி 7: படிப்பு

காலேஜுங்கள்ல ஈசால்னு வெளிநாட்டுக்காரங்களுக்கான சாயந்திர இங்கிலீஷ் கிளாஸ் உண்டு, நம்ம விசாவுக்கு பெரும்பாலும் காசு கட்டித் தான் சேரணும். மொத ஆறு மாசம் அதுல சேராதிய. லைப்ரரி, சர்ச் ஹால்ல நடக்க ஃப்ரீ கான்வர்சேஷன் குரூப்புக்கு போங்க, சிரியாக்காரரு, உக்ரைன் பாட்டி, சூடான் பையன் எல்லாரும் தப்பு தப்பா பேசுவாவ, அங்க கூச்சம் போயிரும். கூச்சம் போன அப்புறம் எழுத்து சரியில்லன்னு உங்களுக்கே தெரியும், அப்ப கிளாஸுக்கு காசு கட்டுங்க. நான் ரெண்டாம் வருஷம் தான் சேந்தேன். டீச்சர் சொன்னத அன்னைக்கே கடைல பேசிப் பாக்க முடிஞ்சுது, பத்தாங்கிளாஸ் வரைக்கும் படிச்சும் தெரியாத ஆர்ட்டிகிள் (ஏ, ஆன், தி) அப்ப தான் புரிஞ்சுது.

ஒரு சின்ன நோட்டு பாக்கெட்ல வைங்க, கேட்ட வாக்கியத்த தமிழ் எழுத்துல அப்படியே எழுதுங்க, ஸ்பெல்லிங் வீட்டுல போயி பாத்துக்கலாம். என் நோட்டுல மொத பக்கத்துல "யூ ஆரைட் தேர் பால்"னு இருக்கு. எனக்கு உடம்புக்கு என்னமோ ஆச்சுன்னு கேக்காவன்னு நினச்சு "ஐயம் ஃபைன்"னு ரொம்ப விளக்கமா சொன்னேன், அது சும்மா வாங்கங்கிற மாதிரி.

குளிரு பத்தி ஒரு வார்த்த. குளிரு பொறுத்துக்கலாம், இருட்டு தான் கொல்லும். டிசம்பர்ல காலைல எட்டேமுக்காலுக்கு விடிஞ்சு மூணேமுக்காலுக்கு இருட்டிரும். அந்த நேரத்துல ரூமுக்குள்ள போர்வைய மூடிட்டு யூடியூப்ல தமிழ் காமெடி பாத்துட்டே கெடப்போம், அப்புறம் வாயே திறக்க மாட்டோம். பகல் ஷிஃப்டுக்கு நடுவுல அரமணி நேரமாவது வெளிய நடங்க, விட்டமின் டி மாத்திர எடுங்க. அம்மாட்ட பேசுத நேரத்த ஒண்ணா வச்சுக்கோங்க, கோடைல நாலர மணி நேரம், குளிர்ல அஞ்சர மணி நேரம் நாம முன்ன இருக்கோம், அவங்க தூங்காம காத்துக் கெடப்பாவ.

படி 8: திரும்பி வரது

24 மாசம் முடியதுக்குள்ள கிளம்பிரணும், ஒரு நாள் தாண்டாதிய, அடுத்து எந்த நாட்டுக்கு விசா கேட்டாலும் அது நிக்கும். அங்கயே இருக்கணும்னு நினச்சா ஸ்பான்சர் பண்ணுத கம்பெனிய ஒன்ற வருஷத்துலயே தேட ஆரம்பிங்க, காபி கடைல அது நடக்காது. கிளம்புறதுக்கு முன்ன மொதலாளிட்ட வேலைய விட்டதுக்கான பி45 ஃபாரம் வாங்குங்க, எச்எம்ஆர்சிக்கு நாட்ட விட்டு போறேன்னு சொல்லுத பி85 ஃபாரம் போடுங்க, வருஷத்துக்கு நடுவுல கிளம்புனா கட்டுன வரில கொஞ்சம் திரும்ப வரும். கவுன்சில் டாக்ஸ்ல, அதாவது அந்த ஊரு வீட்டு வரில, இருந்து பேர எடுக்கச் சொல்லுங்க. டெபாசிட்ட வீட்டுக்காரர்ட்ட கேக்காம ஸ்கீம்ல நேரடியா கேளுங்க, எனக்கு அஞ்சு வாரம் ஆச்சு, அதுக்குள்ள நான் தச்சநல்லூர் வந்துட்டேன். பேங்க் அக்கவுண்ட்ட மட்டும் அவசரப்பட்டு மூடிராதிய, அந்த காசு வந்து விழ ஒரு எடம் வேணும்லா.